செங்கல் பொடியில் டென்னிஸ்: மான்டே கார்லோவை முதல்முறை பார்ப்பவர்களுக்கு

ஒரு ஏப்ரல் மாலை, வீட்டு டி.வி.யில் மான்டே கார்லோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. டென்னிஸ் என்றால் விம்பிள்டன் புல்தரை மட்டும்தான் என்று நினைத்திருந்த தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், "மாமா, அவர் ஏன் மட்டையால தன் ஷூவையே தட்டிக்கிட்டு இருக்கார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஷூவின் அடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடியில் பதில் தொடங்கியது, ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடால் ஏன் அங்கே 11 முறை கோப்பை வாங்கினார் என்பதுவரை போனது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டென்னிஸ் விதிகளே தெரியாது என்றாலும் பரவாயில்லை, தரையைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரிதான்.

முதலில் இடத்தைப் பற்றி. மான்டே கார்லோ மாஸ்டர்ஸ் ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டி. 1897-இல் தொடங்கியது, ஒவ்வொரு ஏப்ரலிலும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி நடக்கும். பெயரை வைத்து மொனாக்கோ நாட்டில் நடப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். மொனாக்கோ மொத்தமே சுமார் 2 சதுர கிலோமீட்டர் உள்ள நாடு. ஆட்டம் நடக்கும் மான்டே கார்லோ கன்ட்ரி கிளப், எல்லையைத் தாண்டியதும் வரும் ரோக்புரூன்-காப்-மார்த்தான் என்ற பிரான்ஸ் ஊருக்குள் இருக்கிறது. 1928 முதல் அங்கேதான். கடலைப் பார்த்த மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த ஆடுகளங்கள், அவற்றில் பெரியதற்கு மூன்றாம் ரெய்னியர் இளவரசரின் பெயர். கேமரா கொஞ்சம் மேலே போனதும் செம்மண் நிறத் தரைக்குப் பின்னால் நீலக் கடல் விரியும். அந்தக் காட்சிக்காகவே நான் பல ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தரைக்கு வருவோம். நம் பத்திரிகைகளில் இதைக் "களிமண் தரை" என்று எழுதுகிறார்கள், ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த வழக்கம். களிமண் என்றதும் ஈரமாக, பிசுபிசுப்பாக, காலை வைத்தால் புதைகிற ஏதோ ஒன்று நம் மனதில் வரும். உண்மையில் மேலே இருப்பது பொடித்த செங்கல். பழைய வீடுகள் கட்டும்போது சுண்ணாம்போடு கலந்த சுர்க்கி தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். அதுவும் மிக மெல்லிய பூச்சு. பாரிஸில் ரோலான் கரோஸ் (பிரெஞ்சு ஓபன்) போட்டி நடக்கும் ஆடுகளத்தில் இந்தச் செங்கல் பொடி 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான். அதற்குக் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் 6, 7 சென்டிமீட்டர், அதன்கீழ் நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு, அதற்கும் கீழே கல்லும் சரளையும். மழை பெய்தால் தண்ணீர் இறங்க வேண்டும், வெயில் அடித்தால் அடியில் கொஞ்சம் ஈரம் நிற்கவும் வேண்டும், அதற்காகத்தான் இத்தனை அடுக்கு. ஆகவே பந்து விழுவது மெத்தென்ற மண்ணில் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக உருளை ஓட்டி இறுக்கிய கெட்டித் தரை, அதன்மேல் ஒரு சிட்டிகைப் பொடி. இந்த இரண்டும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் செய்கின்றன.

இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1880 வாக்கில் இங்கிலாந்தின் ரென்ஷா சகோதரர்கள் தெற்குப் பிரான்ஸில் கான் நகரத்தில் புல்தரை போட்டு ஆடிப் பார்த்தார்களாம், அந்த வெயிலுக்குப் புல் கருகிவிட்டதாம். பக்கத்து ஊரான வல்லோரிஸில் மண்பாண்டத் தொழில் பெரிது, அங்கே கழித்துப் போட்ட பானைகளைப் பொடித்துத் தரையில் தூவினார்களாம். கான் நகரமும் மான்டே கார்லோவும் அதே கடற்கரையில்தான் இருக்கின்றன.

பந்து ஏன் மெதுவாகிறது

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். புல் உள்ள ஆடுகளத்தில் பந்து விழுந்ததும் வழுக்கிக்கொண்டு வேகமாக மட்டைக்கு வரும், வெடித்துத் தூள் பறக்கும் ஆடுகளத்தில் பந்து நின்று வரும், சுழல்பந்து வீசினால் பிடித்து எழும்பும். டென்னிஸிலும் அதேதான். விம்பிள்டன் புல்லில் பந்து தாழ்வாகச் சறுக்கும். செங்கல் பொடியில் விழும் பந்து, சொரசொரப்பான தரையில் உரசி, முன்னால் பொடியைக் கொஞ்சம் தள்ளிக் குவித்து, முன்னோக்கிய வேகத்தில் நிறைய இழக்கிறது. மேல்நோக்கிய எழுச்சி மட்டும் பெரிதாகக் குறைவதில்லை, ஏனென்றால் அடியில் இருப்பது கெட்டித் தரை. விளைவு என்ன என்றால், பந்து மெதுவாக வருகிறது, ஆனால் உயரமாக வருகிறது. புல்லில் முழங்கால் உயரத்தில் வாங்க வேண்டிய பந்தை இங்கே தோள் உயரத்தில் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த ஒன்றிலிருந்தே மற்றதெல்லாம் கிளைவிடுகிறது. மணிக்கு 210 கிலோமீட்டரில் சர்வ் (புள்ளியைத் தொடங்கும் முதல் அடி) போடும் ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் எதிராளி மட்டையை நீட்டுவதற்குள் பந்து தாண்டிப் போய்விடும். இங்கே எதிராளி எல்லைக்கோட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய் நின்றுகொள்வார். பந்தும் தரையில் பட்டு வேகம் இழந்து வரும், அவருக்கும் நேரம் கிடைக்கும், திருப்பி அனுப்பிவிடுவார். அப்படியென்றால் அந்தப் புள்ளி இன்னும் முடியவில்லை. ஒரே அடியில் முடிக்கும் வழி அடைபட்டதால், இரண்டு பேரும் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்ப வேண்டும். எதிராளியை இடது மூலைக்குத் தள்ளு, இன்னும் தள்ளு, அவர் பின்னால் பின்னால் போகட்டும், களைத்துப்போய் ஒரு பந்தைக் குட்டையாக அனுப்புவார், அப்போது முன்னால் பாய்ந்து மறுபக்கம் அடி, அல்லது வலையை ஒட்டி மெல்ல ஒரு டிராப் ஷாட் போடு. கார்லோஸ் அல்கராஸ் ஆடும்போது இதைப் பாருங்கள். ஓங்கி அடிக்கப்போகிறார் என்று எதிராளி இரண்டடி பின்வாங்கும் அதே நொடியில் கையை இலகுவாக்கிப் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் சும்மா இறக்கி வைப்பார். எதிராளி பின்னால் நிற்க வேண்டிய கட்டாயம் இருப்பதால்தான் இந்தத் தரையில் அந்த அடிக்கு அவ்வளவு பலன்.

முதல்முறை பார்ப்பவர்கள் பலர் "என்ன இது, பந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது, முடியவே மாட்டேன் என்கிறதே" என்று சலித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், பந்தைப் பார்க்காதீர்கள், இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். யார் கோட்டுக்கு நெருங்கி வருகிறார், யார் பின்னால் நகர்கிறார் என்று கவனித்தால், அந்தப் புள்ளி யாருக்குப் போகப்போகிறது என்பது நான்கைந்து அடிகளுக்கு முன்பே தெரிய ஆரம்பிக்கும். அது தெரிய ஆரம்பித்த பிறகு டி.வி.யை அணைக்க மனம் வராது.

நடாலும் பெடரரின் தோளும்

டாப்ஸ்பின் என்ற சொல்லை வர்ணனையில் அடிக்கடிக் கேட்பீர்கள். மட்டையைக் கீழிருந்து மேலாகப் பந்தின் முதுகில் உரசி அடித்தால், பந்து முன்பக்கமாக உருண்டபடியே காற்றில் போகும். அந்தச் சுழற்சி காற்றில் பந்தைக் கீழே இழுக்கும், அதனால் வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போன பந்துகூட கோட்டுக்குள் வந்து இறங்கிவிடும். தரையில் பட்டதும் செங்கல் பொடி அந்தச் சுழற்சியைப் பற்றிக்கொள்ளும், பந்து துள்ளி எழும். அதிவேகக் கேமரா வைத்து அளந்தபோது ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி) சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3200 சுற்று சுழன்றது. அவர் இடக்கை ஆட்டக்காரர் வேறு. அவர் குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட், வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கத்தில், அதாவது மட்டை பிடிக்காத கைப்பக்கத்தில் போய் விழுந்து, தோளுக்கு மேலே எழும்பும். ரோஜர் பெடரர் ஒரு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர், இடுப்பு உயரத்தில் வந்தால் அதைவிட அழகான அடி கிடையாது, ஆனால் தோளுக்கு மேலே போகும் பந்தை ஒரு கையால் அடக்குவது மகா சிரமம். நடால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டார். 2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ந்து மான்டே கார்லோ இறுதியில் பெடரர் நடாலிடம் தோற்றார். 2008-இல் இரண்டாவது செட்டில் (செட் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி) 4-0 என்று முன்னால் இருந்தும் 7-5 என்று அதை இழந்தார். 2014 இறுதியில் வாவ்ரிங்காவிடம் தோற்றார். உலகத்தில் எல்லாம் வென்ற பெடரருக்கு மான்டே கார்லோ கோப்பை கடைசிவரை கிடைக்கவேயில்லை, பெடரர் ரசிகனாக எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நடாலின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். 2005-இல் 18 வயதில் கில்லர்மோ கோரியாவை வென்று முதல் கோப்பை. அதிலிருந்து 2012 வரை எட்டு வருடமும் அவர்தான். தொடர்ச்சியாக 46 ஆட்டங்கள் அங்கே தோற்காமல் இருந்தார், 2013 இறுதியில் ஜோகோவிச் 6-2, 7-6 என்று அந்தச் சங்கிலியை அறுத்தார். அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்தபோது 2016, 2017, 2018 என்று திரும்பவும் மூன்று. மொத்தம் 11.

ஒரு கை பேக்ஹேண்ட் உள்ளவர்கள் இங்கே ஜெயிக்கவே முடியாது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். ஸ்டெபனோஸ் சிட்சிபாஸ் ஒரு கைக்காரர்தான், 2021, 2022, 2024 என்று மூன்று முறை வென்றிருக்கிறார். அவர் செய்வது என்னவென்றால், பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்துக்கும் வேகமாகச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டாலேயே அடித்துவிடுவார். பந்து மெதுவாக வருவதால் அப்படிச் சுற்றி ஓட நேரம் இருக்கிறது. ஒருவருக்குச் சிக்கலாக இருக்கும் தரையின் அதே குணம் இன்னொருவருக்கு உதவியாக இருக்கிறது, பாருங்கள்.

சறுக்கல்

இப்போது தங்கை மகனின் கேள்விக்கு வரலாம். கேரம் பலகையில் போரிக் பவுடர் தூவினால் காய் எப்படி வழுக்கிக்கொண்டு போகுமோ, அப்படித்தான் செங்கல் பொடியின்மேல் ஆட்டக்காரரின் கால் போகும். சாதாரணத் தரையில் ஓடிப்போய், நின்று, அடித்து, திரும்பி ஓட வேண்டும். இங்கே பழகியவர்கள் ஓடிவரும்போதே காலை நீட்டிச் சறுக்கி, சறுக்கிக்கொண்டே அடிப்பார்கள், அடித்து முடிக்கும் இடத்தில் சறுக்கலும் நின்றிருக்கும், உடனே திரும்பிவிடலாம். தொடங்கும் நேரத்தைத் தவறவிட்டால் அடித்த பிறகும் கால் வெளிப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் பந்து வந்து விழும்போது அவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார். ஸ்பெயின், இத்தாலி, அர்ஜென்டினா பிள்ளைகள் சிறுவயதிலேயே இந்தத் தரையில் ஆடி வளர்வதால், சறுக்கல் அவர்களுக்கு நடை மாதிரி ஆகிவிடுகிறது. சிமென்ட் தரையில் வளர்ந்தவர்கள் வந்தால் முதல் சில நாட்கள் கால் தடுமாறுவதை நீங்களே டி.வி.யில் பார்க்கலாம்.

இதற்கென்று தனி ஷூ உண்டு. அடிப்பகுதி முழுக்க மீன்முள் போல நெருக்கமான வரிகள் இருக்கும், வேண்டிய அளவு சறுக்கவும் வேண்டிய இடத்தில் பிடிக்கவும். அந்த வரிகளுக்குள் பொடி அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் மட்டையின் விளிம்பால் ஷூவின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிப் பொடியை உதிர்க்கிறார்கள். ஆட்டம் முடியும்போது வெள்ளைச் சாக்ஸ் கணுக்கால்வரை செங்கல் நிறமாகியிருக்கும். செட் இடைவெளியில் ஆட்கள் ஓடிவந்து பெரிய வலைப்பாயைத் தரைமேல் வட்டம் வட்டமாக இழுத்துச் சமன்படுத்துவார்கள், கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள், தேவைப்பட்டால் குழாயால் தண்ணீர் தெளிப்பார்கள். நம் வாசலில் தெளித்துப் பெருக்குவது போலத்தான் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

பந்து விட்டுப்போகும் தடம்

மற்ற எந்தத் தரையிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு, பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். மான்டே கார்லோவில் 2024 வரை, பந்து கோட்டுக்குள் விழுந்ததா வெளியேயா என்று சந்தேகம் வந்தால், நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்து, விரலால் காட்டித் தீர்ப்பு சொல்வார். தடம் கோட்டை ஒரு மயிரிழை தொட்டிருந்தாலும் உள்ளே என்றுதான் கணக்கு. சில நேரம் நடுவர் வருவதற்கு முன்பே ஆட்டக்காரர் தானே போய்ப் பார்த்துவிட்டு, எதிராளிதான் சரி என்று தெரிந்ததும் காலால் அந்தத் தடத்தை அழித்துவிடுவார், புள்ளியை விட்டுக்கொடுத்தேன் என்று அதற்கு அர்த்தம். வலையைத் தாண்டி அடுத்தவர் பக்கம் போய்த் தடம் பார்க்க மட்டும் அனுமதி கிடையாது.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு இருந்தது. தடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஆட்டக்காரர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், ஆடிவிட்டு அப்புறம் கேட்டால் செல்லாது. 2024 அரையிறுதியில் யானிக் சின்னருக்கு நடந்தது இதுதான். சிட்சிபாஸுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 3-1 என்று முன்னிலை, சிட்சிபாஸ் சர்வ் போடும் சுற்றையே அவரிடமிருந்து பறிக்கும் வாய்ப்பு வேறு கையில். சிட்சிபாஸின் இரண்டாவது சர்வ் கோட்டைத் தாண்டி விழுந்தது, அதாவது புள்ளி சின்னருக்கு வந்திருக்க வேண்டும். கோட்டு நடுவரும் சொல்லவில்லை, நாற்காலி நடுவரும் சொல்லவில்லை, சின்னரும் நிற்காமல் ஆடிவிட்டார். சொல்லியிருந்தால் 4-1 ஆகியிருக்கும். சிட்சிபாஸ் தப்பித்தார், பிறகு சின்னருக்குத் தசைப்பிடிப்பும் வந்தது, ஆட்டம் 6-4, 3-6, 6-4 என்று சிட்சிபாஸ் பக்கம் போனது, அவரே கோப்பையும் வாங்கினார்.

2025 முதல் ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பின் போட்டிகளில் களிமண் தரையிலும் கேமராக்களே உடனுக்குடன் தீர்ப்பு சொல்கின்றன, கோட்டு நடுவர்கள் இல்லை. அப்படியானால் சண்டை தீர்ந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் தடம் இன்னும் தரையில் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அதே வருடம் மாட்ரிட்டில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ், கருவி உள்ளே என்று சொன்ன பந்தின் தடம் வெளியே இருக்கிறது என்று வாதாடி, தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்துவிட்டார், அதற்கு எச்சரிக்கையும் வாங்கினார். பொடி ஓரிடத்தில் அதிகமாக இருக்கும், ஓரிடத்தில் குறைவாக இருக்கும், ஈரமும் மாறும், ஆகவே தடம் எப்போதும் பந்து தொட்ட அளவை அப்படியே காட்டும் என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் கண்முன்னே தடத்தை வைத்துக்கொண்டு திரையை நம்பு என்றால் மனித மனம் கேட்காது. ரோலான் கரோஸில் 2025-லும் கோட்டு நடுவர்களையே வைத்திருந்தார்கள். நியாயம் முக்கியம் என்பதால் கருவியை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் நடுவர் படியிறங்கி ஓடிவரும் அந்தப் பத்து நொடிப் பதற்றம் போனதில் எனக்கு வருத்தம்தான்.

எல்லாக் களிமண்ணும் ஒன்றில்லை

ஏப்ரலில் மான்டே கார்லோவில் வெயில் அடித்தாலும் குளிர் முழுதாக விலகியிருக்காது, கடல் ஈரக் காற்று வேறு. பந்தின்மேல் உள்ள பஞ்சு ஈரத்தையும் பொடியையும் வாங்கிக் கனத்துவிடும், தரையும் கனமாக இருக்கும், ஆட்டம் இன்னும் மெதுவாகும். அடுத்து வரும் மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு, அதே செங்கல் பொடியில் பந்து பறக்கும். பலமாக சர்வ் போடுபவர்களுக்கு அந்த ஊர் பிடிக்கும். பிறகு ரோம், கடைசியில் மே முடிவில் பாரிஸ். மான்டே கார்லோவில் தொடங்கி பாரிஸில் முடியும் இந்தச் சில வாரங்களைத்தான் ஐரோப்பாவின் களிமண் பருவம் என்கிறார்கள். மாட்ரிட்காரர்கள் 2012-இல் டி.வி.யில் பந்து நன்றாகத் தெரியட்டும் என்று தரைக்கு நீலச் சாயம் போட்டார்கள். தரை வழுக்கியது. நடாலும் ஜோகோவிச்சும் இப்படியே இருந்தால் அடுத்த வருடம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த வருடமே பழைய சிவப்பு திரும்பியது. அந்த ஒரு வருடம் நீலத்தில் கோப்பை வாங்கியவர் பெடரர்.

சரி, போட்டியின் அமைப்பையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகளான நான்கு கிராண்ட்ஸ்லாம்களுக்கு அடுத்த படியில் மாஸ்டர்ஸ் 1000 என்று ஒன்பது போட்டிகள் உண்டு, அவற்றில் மூன்று களிமண்ணில், மான்டே கார்லோ அந்த மூன்றில் முதலாவது. வென்றவருக்கு 1000 தரவரிசைப் புள்ளிகள், இறுதியில் தோற்றவருக்கு 650, அரையிறுதியோடு நின்றவருக்கு 400. கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2000. ஒற்றையரில் 56 பேர் ஆடுவார்கள், முதல் எட்டு இடத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு முதல் சுற்று ஆட்டம் இல்லை, நேராக இரண்டாம் சுற்று. 56 பேரில் 7 பேர் தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே வருபவர்கள். எல்லா ஆட்டமும் மூன்று செட், இரண்டை எடுத்தவர் வெற்றி. முன்பு இறுதி மட்டும் ஐந்து செட்டாக இருந்தது, 2006-இல் நடாலும் பெடரரும் ஆடியது அங்கே நடந்த கடைசி ஐந்து செட் முறை இறுதி. ஒன்பது மாஸ்டர்ஸில் முன்னணி ஆட்டக்காரர்கள் கட்டாயம் ஆட வேண்டும் என்ற விதி இல்லாதது மான்டே கார்லோ மட்டும்தான். இருந்தும் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள், பாரிஸுக்கு முன்னால் காலைப் பழக்க வேண்டுமே. பல ஆட்டக்காரர்களுக்கு வீடே மொனாக்கோவில்தான், சின்னர், மெத்வதேவ் எல்லோரும் அந்த ஊர்வாசிகள்.

இந்தப் போட்டியின் கதைகளில் எனக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று பியோர்ன் போர்க். 1977, 1979, 1980 என்று மூன்று முறை இங்கே வென்று, இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டுப்போன அவர், 1991-இல் 34 வயதில் இதே தரைக்குத் திரும்பிவந்தார், கையில் பழைய மரமட்டையோடு. மற்ற எல்லோரும் கிராஃபைட் மட்டைக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. ஜோர்டி அரேஸேயிடம் 6-2, 6-3 என்று தோற்றார். இன்னொன்று 2019-இல் ஃபேபியோ ஃபோக்னினி. எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் வரும் இத்தாலியின் சான்ரெமோவில் பிறந்தவர், அதாவது பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. முதல் சுற்றிலேயே ருப்லெவிடம் 4-6, 1-4 என்று தோல்வியின் வாசலில் நின்றார். அங்கிருந்து மீண்டு, அரையிறுதியில் நடாலை 6-4, 6-2 என்று வீழ்த்தி, இறுதியில் துசான் லஜோவிச்சையும் வென்று, மாஸ்டர்ஸ் 1000 ஒற்றையர் கோப்பை வாங்கிய முதல் இத்தாலியர் ஆனார். இன்று இத்தாலியர்கள் டென்னிஸில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும்போது அந்த வாரம் அடிக்கடி நினைவுக்கு வரும்.

நம் ஆட்களுக்கும் இந்தச் செம்பொடியில் கொஞ்சம் தடம் உண்டு. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1977-இல் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார், இன்னொரு சென்னைக்காரரான ரமேஷ் கிருஷ்ணன் 1982-இல். இரட்டையரில் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 2003-இல் மேக்ஸ் மிர்னியோடு கோப்பை வாங்கினார், 2017-இல் குடகைச் சேர்ந்த ரோகன் போபண்ணா பாப்லோ குவேவாஸோடு வாங்கினார். ஒற்றையரில் ரமேஷ் கிருஷ்ணனுக்கு அப்புறம் நாற்பது வருடத்துக்கும் மேல் யாரும் இல்லை. 2024-இல் சுமித் நாகல் தகுதிச்சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தார், முதல் சுற்றில் இத்தாலியின் மத்தேயோ அர்னால்டியை, முதல் செட்டை இழந்த பிறகு, 5-7, 6-2, 6-4 என்று வென்றார். களிமண் தரை மாஸ்டர்ஸ் ஒன்றின் பிரதான சுற்றில் இந்தியர் ஒருவர் ஒற்றையரில் ஜெயித்தது அதுதான் முதல்முறை. அன்று அந்த மூன்றாவது செட்டை நான் நின்றுகொண்டேதான் பார்த்தேன். அடுத்த ஆட்டம் ஹோல்கர் ரூனேயோடு, மழை வந்து மறுநாளுக்குத் தள்ளிப்போனது, ஒரு செட்டை எடுத்துவிட்டு நாகல் தோற்றார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு நேரம் வசதியானதுதான். அங்கே ஏப்ரலில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், காலை 11 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே மதியம் 2.30, சாப்பிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஒரே ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்றால் இறுதிக்குக் காத்திருக்காமல் செவ்வாய் அல்லது புதன்கிழமை ஆட்டம் ஒன்றைப் பாருங்கள், அப்போதுதான் சறுக்கப் பழகியவரும் பழகாதவரும் ஒரே தரையில் எதிரெதிரே நிற்பார்கள். தங்கை மகன் இப்போதெல்லாம் சர்வ் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறான், "மாமா, தட்டப்போறார் பாருங்க."